பாஸ்போர்ட்டில் உள்ளபடி

புதன்கிழமை மத்தியானம் போன் அடித்தபோது இந்திராதேவி ஆன்ட்டியின் இரண்டு கைகளிலும் பாசிப்பயற்று மாவும் சர்க்கரைப் பாகும் அப்பியிருந்தன. பயத்தம் உருண்டையைச் சூடு ஆறுவதற்குள் பிடித்துவிட வேண்டும். ஆறிவிட்டால் உதிரும். ஆன்ட்டி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் எடுத்தேன்.

அந்த வீட்டுப் போனை நான் எடுப்பது வழக்கமில்லை. மாண்ட்ரியலை ஒட்டிய கர்க்லாண்டில் அவர்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருந்த பல்கலைக்கழக விவசாய வளாகத்தில் மண்ணைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் மன்னார்குடி. அந்த வீட்டில் பேசுகிற யாழ்ப்பாணத் தமிழ் முழுக்கப் புரிய எனக்கு ஒரு குளிர்காலம் ஆனது. இப்போது குளிர்காலம் போய், 2004ஆம் ஆண்டு மே மாதம் பாதி கடந்திருந்தது. புல்தரை முழுக்க மஞ்சள் பூ. மூன்று நாளாக விட்டுவிட்டு மழை.

போனில் வின்சன்ட். டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஹோட்டலில் கூட்டமாக வருகிறவர்களுக்கு அறை ஒதுக்குகிற அதிகாரி. பிரெஞ்சில் தொடங்கி, என் மௌனத்தைக் கேட்டு ஆங்கிலத்துக்கு மாறினார். கல்யாண விருந்தினர்களின் பெயர்ப் பட்டியல் கிடைத்தது, நன்றி என்றார். ஒரு சந்தேகம் என்றார். மாமா என்கிற குடும்பத்தில் ஒன்பது பேர், மாமி என்கிற குடும்பத்தில் பதினொரு பேர் வருகிறார்கள் போலிருக்கிறது. இவை உண்மையான குடும்பப் பெயர்களா? பிறகு, ஏழாம் வரிசையில் பேபி மாமி என்று இருக்கிறதே, அந்தக் குழந்தைக்குத் தொட்டில் போட வேண்டுமா?

மற்றதையும் மரியாதையாகத்தான் சொன்னார். கல்யாண வாரக் கடைசியில் நகரத்தில் கார்ப் பந்தயம். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் இல்லாத அறையை மேலிடம் பிடித்துவைக்க விடாது. இந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி. ஐந்து மணி ஒரு நிமிடத்துக்குக் கம்ப்யூட்டரே அறைகளைத் திறந்துவிடும். திறந்தால் பத்து நிமிடத்தில் போய்விடும்.

"ஆர் பிள்ளை?"

"ஹோட்டல்லேருந்து ஆன்ட்டி. லிஸ்ட்ல இருக்கிற பேரெல்லாம் செல்லாதாம். பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரி வேணுமாம். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள."

"இல்லாட்டி?"

"ரூம் எல்லாத்தையும் விட்டுடுவாங்களாம்."

கையிலிருந்த உருண்டையை ஆன்ட்டி தட்டில் வைத்தார். அது இரண்டாகப் பிளந்தது.

"பேபி மாமிக்குத் தொட்டில் வேணுமான்னும் கேட்டார்" என்றேன். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

கல்யாணம் அவர்களுடைய ஒரே மகள் கஜந்தினிக்கு. மாப்பிள்ளை பாரிசில். ஐயர் வைகாசி கடைசி ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக் கொடுத்தார். ஜாதகம், நட்சத்திரம், ராகு காலம் எல்லாம் பார்த்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை உலகம் முழுக்க இருந்து ஆட்கள் மாண்ட்ரியலுக்குக் கார் ஓடுவதைப் பார்க்க வருவார்கள் என்பதை மட்டும் யாரும் பார்க்கவில்லை. கார்டு அச்சடித்த பிறகுதான் தெரிந்தது. ஊரில் ஓர் அறை கிடையாது.

கிருபானந்தன் அங்கிள் பதினான்கு வருடமாக அந்த டோர்வல் ஹோட்டலின் லாண்டரியில் வேலை. கீழ்த்தளத்திலிருந்து, லாண்டரிச் சட்டையோடேயே, வின்சன்ட்டின் அறைக்குப் போய்க் கேட்டிருக்கிறார். இருபத்துமூன்று அறைகள் கிடைத்தன. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "இருவத்திமூண்டு அறை. நாப்பத்தாறு கட்டில். தொண்ணூற்றிரண்டு பெட்சீற்" என்றார். அவர் எல்லாவற்றையும் பெட்ஷீட்டில்தான் யோசிப்பார்.

ஆன்ட்டி ஒரு சட்டம் போட்டார். வருகிற எல்லோரும் ஹோட்டலில்தான். வீட்டில் ஒருவரும் இல்லை. "ஒருத்தரை வீட்டிலை படுக்க விட்டா, அவையென்ன உயர்த்தி, நாங்களென்ன குறைச்சல் எண்டு மற்ற எல்லாரும் பெட்டியோடை வாசல்லை வந்து நிப்பினம். கலியாணப் பொம்பிளை உடுத்து வெளிக்கிடவே இடமிராது." இரண்டு கழிப்பறை உள்ள வீடு. வருகிறவர்கள் அறுபது பேருக்கு மேல்.

ஐந்தரைக்குக் கஜந்தினி வேலையிலிருந்து வந்தாள். ஒரு கார்தெரியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பட்டியலை அடித்து ஃபேக்ஸ் அனுப்பியது அவள்தான்.

"எனக்கு அவையின்ரை பேர் அதுதானே அம்மா. பேபி மாமியை நான் வேறை என்னெண்டு எழுத?"

"கேட்டு எழுதியிருக்கலாமெல்லே."

"சரி, இப்ப கேக்கிறன். பேபி மாமியின்ரை பேர் என்ன?"

ஆன்ட்டி வாயைத் திறந்தார். கொஞ்ச நேரம் கழித்து மூடினார்.

அங்கிள் ஏழு மணிக்கு வந்தார். அவர் உள்ளே வந்தாலே சூடான பருத்தித் துணியின் வாசனையும் பிளீச் வாசனையும் வரும். சாப்பாட்டு மேசையில் புட்டும் மீன் குழம்பும் இருந்தன. விஷயத்தைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார்.

"நீர் உம்மடை சொந்தக்காரற்றை பேரே தெரியாமல் இருக்கிறீர்" என்றார்.

"இஞ்சரப்பா, நீங்கள் சொல்லுங்கோ பாப்பம். உங்கடை கட்டையண்ணைக்கு என்ன பேர்?"

"கட்டையண்ணை... கனகசபை."

"அது அவற்றை தகப்பன்ரை பேர்."

அங்கிள் ஒரு வாய் புட்டு எடுத்து மென்றார். "அப்ப அவருக்கு ஒரு பேர் இருக்கத்தான் வேணும்" என்றார். கஜந்தினி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். ஆன்ட்டி அவள் முதுகில் ஓர் அடி போட்டார்.

வியாழக்கிழமை எனக்கு வகுப்பு இல்லை. என் மடிக்கணினியைச் சமையலறை மேசைக்குக் கொண்டுவந்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டு ஆன்ட்டி கேட்பது, நான் அடிப்பது என்று ஏற்பாடு. ஆன்ட்டியிடம் போன் கார்டுகள் ஒரு கட்டு இருந்தன. சுரண்டி, எண்ணைச் சொல்லுவார். நான் அழுத்துவேன். ஒரு பெண்குரல் எத்தனை நிமிடம் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் அறிவிக்கும். அது சொல்லுவதில் பாதிதான் உண்மை என்று ஆன்ட்டி சொன்னார்.

முதலில் லண்டன், பேபி மாமி.

"மாமி, நான் இந்திரா. சுகமா இருக்கிறியளோ?"

"இருக்கிறன். என்னடி இந்த நேரத்திலை? கலியாணம் குழம்பிப் போச்சோ?"

"ஐயோ இல்லை மாமி. உங்கடை பேர் என்ன மாமி?"

மறுமுனையில் டிவியின் சத்தம் நின்றது.

"மாமி?"

"நாப்பது வருசமா என்ரை கையாலை வாங்கித் திண்டனி. இப்ப நான் ஆர் எண்டு கேக்கிறாய்."

"அப்பிடியில்லை மாமி. ஹொட்டல்காரருக்குப் பாஸ்போட்டிலை இருக்கிற பேர் வேணுமாம். அவங்கள் உங்களைக் குழந்தை எண்டு நினைச்சுத் தொட்டில் போடட்டோ எண்டு கேக்கிறாங்கள்."

ஸ்பீக்கர் அதிர்ந்தது. மாமி சிரித்தார். சிரித்து, இருமி, தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "நாகபூசணி" என்றார். "எழுதிக்கொள். பள்ளிக்கூடத்து இடாப்பிலை கூப்பிட்டதுக்குப் பிறகு ஒருத்தரும் கூப்பிடேல்லை. டொக்ரர் வீட்டிலை கூப்பிட்டாலும் நான் எழும்பிறேல்லை, வேறை ஆரையோ எண்டு இருந்திடுவன்."

அப்போதுதான் ஆன்ட்டியும் சிரித்தார்.

அடுத்தது நார்வே, ராசன் மாமா. அவருக்குப் பெயர் சொல்வதில் பிரச்சினை இல்லை. ஹோட்டல்தான் பிரச்சினை.

"நான் கலியாண வீட்டுக்கு வாறனோ, இல்லை, கொம்பனி மீற்றிங்குக்கு வாறனோ? நிலத்திலை ஒரு பாய் விரிக்க இடமில்லையோ உன்ரை வீட்டிலை?"

"மாமா, அது அவர் வேலை செய்யிற இடம். அவர் தோய்ச்சு மடிச்ச பெட்சீற்றிலைதான் படுக்கப்போறியள். எங்கடை வீடு மாதிரித்தானே."

"கிருபாவோ தோய்க்கிறவன்? மனேச்சர் எண்டெல்லோ சொன்னவை?"

"ஆர் சொன்னது? லோண்ட்ரி. பதினாலு வருசம். அவற்றை மடிப்பு ஒருத்தருக்கும் வராது."

"அப்ப சரி" என்றார் மாமா.

டொரொன்டோவில் கிளி அக்கா தன் பெயரைச் சொன்னார். கணவர் பெயரைச் சொல்லவில்லை. அவர் வேலைக்குப் போயிருந்தார்.

"என்னெண்டு இந்திரா நான் அவற்றை பேரைச் சொல்லுறது?"

"அக்கா, ரெண்டாயிரத்தி நாலாம் ஆண்டு."

"ஆண்டு மாறினா? மனுசன் மாறேல்லையே."

"பின்னை அறை இல்லை. ரெண்டு பேரும் காருக்குள்ளை படுங்கோ."

"பொறு, பொறு. பக்கத்திலை அடிக்கிற பிள்ளை ஆர்? அவவுக்கு இங்கிலிசு எழுத்தாச் சொல்லுறன். எழுத்தைச் சொன்னாப் பேர் சொன்னதாகாது."

பதினாறு எழுத்துகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் திருப்பி வாசித்துக் காட்டப் போனேன். "வேண்டாம், வேண்டாம், சத்தம் போட்டு வாசியாதை" என்று பதறினார்.

நிம்மதியாக முடிந்தது அங்கிளின் பழைய நண்பர் எமிலியானுஸ் வீட்டுக்குப் போட்ட போன் ஒன்றுதான். எமிலியானுஸ், மனைவி அக்னெஸ். கூப்பிடுகிற பெயரும் பாஸ்போர்ட் பெயரும் ஒன்றே. "வேதக்காரர் ஒழுங்கான ஆக்கள்" என்றார் ஆன்ட்டி. "எங்கடையைப் பார். ஒரு ஆளுக்கு மூண்டு பேர், தேவைக்கு ஒண்டும் இல்லை."

கட்டையண்ணைக்கு விக்னராஜா என்று பெயர் இருந்தது. மத்தியானம் லாண்டரியிலிருந்து போன் செய்த அங்கிளிடம் அதைச் சொன்னபோது, "உண்மையாவோ?" என்று இரண்டு தடவை கேட்டார். பின்னால் உலர்த்தும் இயந்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது.

மழை நின்றிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டத் தொடங்கினார். மாலை ஆறு மணிக்கு, அறைக்கு ஒன்றாக, இருபத்திரண்டு வரிசைகள் நிரம்பிவிட்டன. பன்னிரண்டாம் வரிசையில் மட்டும் ஒரு சொல்தான் இருந்தது: அப்பன்.

அப்பன் ஆன்ட்டியின் தம்பி. சுவிட்சர்லாந்தில் பெர்னில் இருக்கிறார். முதியோர் இல்லம் ஒன்றில் சமையல். ஆன்ட்டி கனடாவுக்கு வந்தது 1986இல். அதற்குப் பிறகு அவர் தம்பியைப் பார்த்ததே இல்லை. வாரம் ஒருமுறை போனில் பேசுவார்கள். அவருடைய பெயர் ஆன்ட்டிக்குத் தெரியும்.

"தவநேசம். வைத்திலிங்கம் தவநேசம். ஆனா நேரை அவனைக் கேட்டு எழுதுவம். சில ஆக்களுக்கு அங்கை எழுத்து மாறியிருக்கும்" என்றார்.

வியாழக்கிழமை காலையில் கேட்டபோது அப்பன் மாமா, வேலைக்கு நேரமாகிறது, பேந்து சொல்லுறன் என்றார். மத்தியானம் எடுக்கவில்லை. மாலையில் எடுத்தார்.

"அக்கா, எனக்கு அறை வேண்டாம். நான் உங்கடை வீட்டிலை எங்கையாவது ஒரு மூலையிலை படுக்கிறன்."

"அது ஏலாது அப்பன். எல்லாரும் ஹொட்டல். உன்னை விட்டா எல்லாரையும் விடோணும்."

"அப்ப வேறை ஆற்றையும் அறையிலை கூட ஒராளாப் படுக்கிறன். பேர் குடுக்கத் தேவையில்லைத்தானே."

"கலியாணத்துக்கு முன்னுக்கு நிக்கிற தாய்மாமன் நீ. அடுத்தவன்ரை அறையிலை ஒட்டிக்கொண்டு படுப்பியோ? பேரைச் சொல்லன்ரா. ஒரு பேர்தானே."

"பேந்து எடுக்கிறன் அக்கா" என்று வைத்துவிட்டார்.

ஆன்ட்டி போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் வரமாட்டான்" என்றார். "வாறதெண்டா ஏன் பேர் சொல்லப் பயப்பிடோணும்? வராமல் விடப்போறான். அதை எனக்குச் சொல்ல ஏலாமல் இருக்கிறான்."

"அம்மா, மாமா ரிக்கெற்றும் எடுத்திட்டார்" என்றாள் கஜந்தினி.

"ரிக்கெற் எடுத்தவை எல்லாம் வந்து சேர்ந்தவையோ? உனக்குத் தெரியாது. எனக்கு இருந்தது ரெண்டு சகோதரம். பெரியண்ணை ஊரிலை செல் விழுந்து செத்துப் போயிட்டார். இருக்கிறது இவன் ஒருத்தன். இவனும் வராட்டி, அண்டைக்கு என்ரை பக்கத்திலை ஆர் நிக்கிறது?"

கஜந்தினி அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் கீழே போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை வெயில் வந்தது. வகுப்பை விட்டு ஒரு மணிக்கே திரும்பினேன். அங்கிளும் கஜந்தினியும் வேலைக்குப் போயிருந்தார்கள். ஆன்ட்டி சமைக்கவில்லை. மேசையில் முந்தின நாள் புட்டு, ஒரு வாழைப்பழம். இருபத்திரண்டு வரிசைகளோடு பட்டியலை அனுப்பிவிடலாமா என்று கேட்டேன். ஓர் அறை போனால் போகட்டும், மற்றவை நிற்கும்.

"அனுப்பினா அவன் வரமாட்டான் எண்டு நானே எழுதிக் குடுத்த மாதிரி" என்றார். "பொறு பிள்ளை. இன்னும் ஒருக்கா எடுப்பம்."

மணி ஒன்றரை. பெர்னில் ஏழரை. கார்டைச் சுரண்டினோம். அந்தப் பெண்குரல் முப்பத்தொரு நிமிடம் என்றது.

மூன்றாவது மணியில் எடுத்தார்.

"அப்பன், வைச்சிடாதை. நீ வாறியோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லு."

"வாறன் அக்கா."

"அப்ப ஏன் பேர் சொல்ல மாட்டனெண்டுறாய்?"

எழுந்து கதவைச் சாத்துவது போல ஒரு சத்தம்.

"பாஸ்போட்டிலை என்ரை பேர் இல்லை அக்கா."

"ஆற்றை பேர்?"

"அண்ணையின்ரை."

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். இது நான் கேட்கிற பேச்சு இல்லை என்று தோன்றியது. ஆன்ட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். விடவில்லை. உட்கார்ந்தேன்.

"எந்த அண்ணை?" என்றார் ஆன்ட்டி. அவருக்கு இருந்தது ஒரே அண்ணன்.

"எம்பத்தெட்டிலை என்ரை ஐசியை, அடையாள அட்டையை, ஆமி முகாமிலை பறிச்சுப் போட்டாங்கள். ஒவ்வொரு கிழமையும் வந்து கையெழுத்து வைக்கச் சொன்னாங்கள். கூடப்போன ரெண்டு பொடியள் திரும்பி வரேல்லை. அம்மா பயந்திட்டா. அண்ணையின்ரை ஐசி, பிறப்புப் பத்திரம் எல்லாம் பெட்டிக்குள்ளை இருந்தது. அவற்றை சாவைப் பதியேல்லை அக்கா. பதிவுக் கந்தோர் எங்கை திறந்து கிடந்தது? அம்மா எடுத்துத் தந்தா. இதைக் கொண்டு போ எண்டா. ஏஜென்சிக்காரன் அதிலை பாஸ்போட் எடுத்தான். அதே பேரிலை இஞ்சை அகதியாப் பதிஞ்சன். பேந்து மாத்த ஏலாமப் போச்சு."

"அம்மா எனக்குச் சொல்லேல்லை."

"சொல்லாதை எண்டவ. அக்கா வெளிநாட்டிலை தனிய இருக்கிறாள், அண்ணையை நினைச்சே அழுதுகொண்டிருக்கிறாள், இதைச் சொன்னாத் தாங்கமாட்டாள் எண்டவ. அம்மாவும் போயிட்டா. அதுக்குப் பிறகு நான் என்னெண்டு சொல்ல?"

"அதுதானோ காயிதம் எல்லாம் உன்ரை சிநேகிதன் கிறகரியின்ரை கடை விலாசத்துக்குப் போடச் சொன்னனி?"

"ஓம்."

"அப்பன் எண்டு எழுதிக் கடைக்கு அனுப்பினனான். பதினாறு வருசம்."

"ஓம் அக்கா."

ஆன்ட்டியின் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின. பக்கத்து வீட்டில் குழந்தைகள் பிரெஞ்சில் கத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

"ஒவ்வொரு ஆடியிலையும் அண்ணைக்கு நான் படைக்கிறன்" என்றார் ஆன்ட்டி. குரல் உயர்ந்தது. "இலை போட்டு, சோறு கறி வைச்சு, பேரைச் சொல்லிப் படைச்சுப்போட்டு உனக்குத்தான் போன் எடுக்கிறனான். நீ ஓம் அக்கா, ஓம் அக்கா எண்டு கேட்டுக்கொண்டு இருந்தனி. அந்த மனுசன்ரை பேரிலை இருந்துகொண்டு."

"நான் அண்டைக்கு வேலைக்குப் போறேல்லை அக்கா. ஒருக்காலும் போனதில்லை. போன் வைச்சாப் பிறகு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். களவு எடுத்தவன் மாதிரி."

சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று ஐம்பத்திரண்டு.

"உன்னை அங்கை என்னெண்டு கூப்பிடுகினம்?" என்று ஆன்ட்டி கேட்டார்.

"வேலையிலையோ? சிவா. முழுப்பேர் அவையின்ரை வாயிலை வராது. கிழடுகள் சில பேர் மரியாதையா ஹெர் சிவநேசம் எண்டுவினம்."

"ஒரு நாளைக்கு எத்தினை தரம்?"

"என்னக்கா கேள்வி?"

"சொல்லு."

"நான் எண்ணேல்லை. சாப்பாட்டு நேரம் எண்டா ஓயாமல் கூப்பிடுவினம். சிவா, உப்புக் காணாது. சிவா, சூப் ஆறிப் போச்சு."

ஆன்ட்டி என் கையை விட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"நான் நினைச்சன்" என்றார், "அண்ணையின்ரை பேரை வருசத்திலை ஒரு நாள் நான் கூப்பிடுறது மட்டும்தான் எண்டு."

அப்பன் மாமா அழுவது ஸ்பீக்கரில் கேட்டது. பெரிய ஆள் அழுகிற சத்தம். ஆன்ட்டி கொஞ்ச நேரம் அழ விட்டார். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு வேறு குரலில் கேட்டார்.

"அவர் உன்னிலும் ஏழு வயது மூப்பு. அப்ப உனக்கு அங்கை என்ன வயசு?"

"நாப்பத்தேழு."

"என்னிலும் மூப்போ?"

"ஓம். ஏழு வருசம் முந்திப் பென்சன் வரும்."

"நாசமாய்ப் போவான்" என்றார் ஆன்ட்டி. அதைச் சொல்லும்போது சிரிப்பு வந்துவிட்டது. மறுமுனையிலும் அழுகைக்கு நடுவில் ஒரு சிரிப்பு கேட்டது. "பிள்ளை, எழுது. குடும்பப் பேர் வைத்திலிங்கம். பேர் சிவநேசம். எழுத்தை அவனிட்டையே கேள்."

அப்பன் மாமா ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். பலமுறை சொல்லிப் பழகிய வேகம். நான் அடித்தேன். இந்த முறை திருப்பி வாசித்தேன். சரியா என்று கேட்டேன்.

"சரி தங்கச்சி" என்றார்.

இரண்டு பத்துக்கு மின்னஞ்சலில் பட்டியலை அனுப்பினேன். ஆன்ட்டி எழுந்து வெங்காயம் உரித்தார். நான் சாப்பிடாமல் வைத்திருந்த புட்டைத் தேங்காய்ப்பூ போட்டுச் சூடாக்கி, முட்டை ஒன்று பொரித்து என் முன்னால் வைத்தார். மூன்று மணிக்குப் பதில் வரவில்லை. மூன்றரைக்கும் வரவில்லை. நான்கு மணிக்கு ஆன்ட்டி, அனுப்பியது போய்ச் சேர்ந்ததா, வழியில் நின்றுவிட்டதா என்று கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. போய்விட்டது என்று சொன்னேன்.

நான்கு இருபதுக்குப் போன் வந்தது. அங்கிள்.

"இந்திரா, சரி. மேலை போய்க் கேட்டனான். எல்லா அறையும் நிண்டிட்டுது. கடுதாசி தந்திட்டான். கையிலை வைச்சிருக்கிறன்."

ஆன்ட்டி என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார்.

"ஆனா ஒரு பிழை கிடக்கு" என்றார் அங்கிள். "அப்பன்ரை இடத்திலை சிவநேசம் எண்டு அடிச்சிருக்கு. அந்தப் பிள்ளை மாறி அடிச்சுப் போட்டுதோ? அஞ்சு மணிக்கு முன்னம் மாத்தலாம்."

"மாத்த வேண்டாம்."

"இல்லையப்பா, உம்மடை அண்ணையின்ரை பேரெல்லோ இது."

"ஓம். பிழையில்லை. வீட்டை வாங்கோ, சொல்லுறன். வரேக்கை பால் ஒண்டு வாங்கிக்கொண்டு வாங்கோ."

அங்கிள் வந்ததும் இருவரும் பின்பக்கம் புல்தரையில் நின்று வெகுநேரம் பேசினார்கள். நான் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். அங்கிள் இரண்டு முறை தலையில் கை வைத்தார். பிறகு ஆன்ட்டியின் தோளில் வைத்தார்.

ஜூன் பதினொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை மாலை, ஹோட்டல் வரவேற்பறையில் கால் வைக்க இடமில்லை. பாதிப் பேர் சிவப்புத் தொப்பி போட்ட கார்ப் பந்தய ஆட்கள். மீதிப் பேர் நம்மவர்கள். லண்டன் பேபி மாமி, அங்கே போட்டிருந்த ஒரே சோபாவின் நடுவில் உட்கார்ந்திருந்தார். ராசன் மாமா மேலே போய்ப் படுக்கையைப் பார்த்துவிட்டு வந்து, கிருபாவின் மடிப்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பலகாரப் பெட்டிகளோடு சுவர் ஓரமாக நின்றேன்.

விமான நிலையத்திலிருந்து அங்கிள் அப்பன் மாமாவைக் கூட்டிவந்தார். குட்டையான, தலை வழுக்கை விழுந்த மனிதர். ஆன்ட்டி ஓடவில்லை. நடந்து போய் அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். "மெலிஞ்சு போனாய்" என்றார். அவர் மெலிந்திருக்கவில்லை.

பிறகு வரவேற்பு மேசைக்குப் போனார்கள். அங்கே இருந்த பெண் போன்சூர் சொல்லிப் பெயரைக் கேட்டாள். அப்பன் மாமா பாஸ்போர்ட்டை எடுத்தார். நீட்டவில்லை. பின்னால் சோபாவைப் பார்த்தார். ஒன்றுவிட்டவர்களும் விடாதவர்களுமாக உறவுக்காரர்கள் இருபது பேர் அங்கே இருந்தார்கள். அவருடைய காது மடல் சிவந்துவிட்டது.

"குடு" என்றார் ஆன்ட்டி.

கொடுத்தார். அந்தப் பெண் திறந்து பார்த்து, பட்டியலில் விரலை ஓட்டி, கண்டுபிடித்த மகிழ்ச்சியில் உரக்கவே சொன்னாள். "ஆ, முஸ்யூ சிவநேசம்!"

சோபாவில் பேச்சு நின்றது. பேபி மாமி தலையைத் தூக்கினார்.

"ஆரடி சிவநேசம்?"

ஆன்ட்டி திரும்பினார்.

"எங்கடை அண்ணைதான் மாமி. அவற்றை பேரிலை இவன் பாஸ்போட் எடுத்து உயிர் தப்பினவன். அம்மா குடுத்து விட்டவ."

ஒரு சிவப்புத் தொப்பிக்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நடுவால் கடந்து போனார். பேபி மாமி அப்பன் மாமாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"அதுதானே பாத்தன்" என்றார். "நாப்பது வயசிலை உந்த மண்டை வராது. இஞ்சை வாடா, கிட்ட வா. அண்ணையின்ரை மூக்கு உனக்கும்தான் இருக்கு."

ராசன் மாமாதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். அப்பன் மாமா போய்ச் சோபாவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். மாமி அவர் தலையைத் தடவிக் கொடுத்தார். யாரோ, ஏஜென்சிக்காரன் தனக்கு வைத்த பெயரைச் சொல்லத் தொடங்கினார். இன்னொருவர் அதைவிட மோசமான ஒன்றைச் சொன்னார்.

மேசையில் இருந்த பெண் அறையின் சாவி அட்டையை நீட்டிக்கொண்டு நின்றாள். ஆன்ட்டி போய் வாங்கினார்.

"மெர்சி" என்றார். திரும்பி வந்து தம்பியின் முதுகில் தட்டினார். "எழும்புங்கோ பெரியண்ணை. அறையைப் பாப்பம்."

அப்பன் மாமா எழுந்தார். இரண்டாவது மாடி. லிஃப்டுக்கு முன்னால் நீண்ட வரிசை நின்றது. அவர்கள் படியில் ஏறிப் போனார்கள். பெட்டியை ஆன்ட்டி ஒரு பக்கம் பிடித்திருந்தார். தம்பி விடச் சொல்லச் சொல்ல, விடவில்லை.